மயிலுக்குப் போர்வை வேண்டாம்

சென்ற திங்கள் வந்த கடிதங்களுள் ஒன்று, விரைந்து விடை எழுதவேண்டும் என்னும் எண்ணத்தை நமக்கு உண்டாக்கியது. நகரின் மேற்குப் புறத்தில், குன்றின் அடிவாரத்தை ஒட்டி எழுந்துள்ள குடியிருப்பு ஒன்றில் வாழும் சகோதரி ஒருவர் அதனை எழுதியிருக்கின்றார். அவருடைய மாமியார், கணவரை இழந்த பின்னர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து மகன் வீட்டுக்கு வந்து தங்கியிருப்பவர். மராத்தியும் இந்தியும் அறியார். மகனும் மருமகளும் அலுவலகத்துக்கும், பேரன் பள்ளிக்கும் சென்றுவிட்டால், மாலை வரையில் அவருக்குப் பேச்சுத் துணை இல்லை. அந்நிலையில், குன்றிலிருந்து மதிற்சுவரின்மேல் இறங்கிவந்த இரண்டு மயில்களைக் கண்டார். ஒரு பிடி அரிசியைத் தூவினார். மறுநாளும் அவை வந்தன. இன்று ஒன்பது மயில்கள் வருகின்றனவாம்.

இன்பம் அத்துடன் நின்றிருந்தால் கடிதம் வந்திராது. ஒரு சேவல் மயில், பளபளக்கும் காரின் கதவில் தன் உருவத்தையே பகைவனாகக் கருதிக் கொத்திப் பழுதாக்கிவிட்டது. கீழ்வீட்டாரின் தொட்டிச் செடிகள் பாழாயின. சொசைட்டிக் கூட்டத்தில் பூசல் மூண்டது. அரிசி இடுவதை அன்றே நிறுத்த வேண்டும் என்றனர் ஒரு சாரார். முருகன் ஊர்தியைப் பட்டினி போடுவதா என்றனர் மற்றொரு சாரார். நடுவில் அவ்வம்மையார் ஒன்றும் புரியாமல் கண் கலங்கி நின்றார். ‘அமெரிக்காவில் பாஸ்டன் நகரை அடுத்து வாழும் என் தங்கையின் தோட்டத்துக்குக் காட்டு வான்கோழிகள் வருகின்றன. அங்கே காட்டுயிர்த் தோட்டம் என்றே தனியாக அமைக்கின்றார்களாம். நாங்களும் மயிலுக்காக அப்படி ஒன்று அமைக்கலாகாதா? என்ன தானியம் இட்டால் அவை நாள்தோறும் பூசலின்றி வந்துபோகும்?’ என்பது சகோதரியின் வினா.

மூதுரை பயின்ற தமிழருக்கு வான்கோழி என்றதும் மயில் நினைவுக்கு வருதல் இயல்பே. மயிலாகத் தன்னை எண்ணிக்கொண்ட பேதைப் பறவை என்று அதனை நாம் இளமையிலேயே இகழக் கற்றுக்கொண்டோம். பறவை நூலார் அவ்வாறு இகழ்வதில்லை. மயிலும் வான்கோழியும் கௌதாரியும் காட்டுக்கோழியும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பர் அவர்கள். ஆயினும் வான்கோழி நம் நாட்டுப் பறவை அன்று. அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்தது. பேரரசர் ஜஹாங்கீரின் அவைக்கு 1612ஆம் ஆண்டு கோவாவிலிருந்து அரிய பொருள்கள் கொண்டுவரப்பட்டபொழுது, அவற்றுள் ஒரு வான்கோழியும் இருந்தது. அதனைக் கண்டு வியந்த பேரரசர் தம் நினைவுக் குறிப்பில் அதனை வருணித்தார். அவருடைய ஓவியர் மன்சூர் அதனை வண்ணத்தில் தீட்டினார்.

இவ்விரு பறவைகளின் வாழ்க்கையும் பெரிதும் ஒத்திருக்கின்றது. இரண்டும் பகலில் தரையில் கிளறி இரை தேடும். இரவில் உயர்ந்த மரக்கிளையில் அடையும். தரையில், புதர் மறைவில் முட்டையிடும். ஏறக்குறைய 28 நாள் அடைகாக்கும். இரண்டிலும் ஆண் ஆடும். பெண் பார்த்துத் தேர்ந்தெடுக்கும். வேறுபாடு ஒன்று உண்டு. வான்கோழி விசிறியாக விரிப்பது தன் வாலையே. மயில் விரிக்கும் தோகையோ வால் அன்று. முதுகின் பின்புறத்தில், வாலுக்குமேல் வளரும் நீண்ட இறகுத் தொகுதி. உண்மையான வால், விரிந்த தோகையின் பின்னே முட்டுக்கொடுத்து நிற்கும். மயில் ஆடும்பொழுது அதன் பின்புறம் சென்று பார்த்தவர்கள் இதனைக் கண்டிருப்பார்கள்.

ஆகவே, வான்கோழியை விருந்தாக வரவேற்ற ஊர்களில் நிகழ்ந்ததை நாம் அறிந்துகொள்வது நன்று. பாஸ்டன் நகரம் அமைந்துள்ள மாசசூசெட்ஸ் மாநிலத்தில், காடுகளை அழித்ததாலும் அளவின்றி வேட்டையாடியதாலும், 1851ஆம் ஆண்டளவில் காட்டு வான்கோழி அடியோடு அற்றுப்போயிற்று. பிற்காலத்தில் கைவிடப்பட்ட வயல்களில் மீண்டும் காடு வளர்ந்தது. 1972, 1973ஆம் ஆண்டுகளில் நியூயார்க் மாநிலத்திலிருந்து 37 பறவைகளைப் பிடித்துக்கொண்டுவந்து அங்குள்ள மலைக்காட்டில் விட்டனர். அந்த 37 பறவைகளின் வழித்தோன்றல்களும், பின்னர் அவற்றிலிருந்து பிரித்துப் பிற இடங்களில் விடப்பட்டவையும் பெருகி, இன்று அம்மாநிலத்தில் 25,000க்கு மேற்பட்ட காட்டு வான்கோழிகள் உள்ளன. ஓர் உயிரை மீட்டுக் கொணர்ந்த வரலாற்றில் இது போற்றத்தக்க வெற்றியாகும்.

வெற்றிக்குப் பின்னர்த் தொல்லையும் வந்தது. பறவைகள் நகர்ப்புறத் தோட்டங்களுக்குள் புகுந்தன. மக்கள் மகிழ்ந்து தானியம் தூவினர். தூவியவர் கையை நம்பி வாழப் பழகிய பறவைகளுக்கு மனிதர்பால் இருந்த அச்சம் நீங்கிற்று. வான்கோழிக் கூட்டத்தில் யார் பெரியவர், யார் சிறியவர் என்னும் வரிசைமுறை உண்டு. அச்சம் நீங்கிய பறவை, மனிதரையும் அவ்வரிசையில் சேர்த்துக்கொண்டு, தனக்குக் கீழ்ப்பட்டவராகக் கருதிவிடுகின்றது. கடிதம் கொண்டுவருபவரை விரட்டுதல், குழந்தைகளைத் துரத்துதல், வண்டியின் கண்ணாடியோடு சண்டையிடுதல் முதலிய தொல்லைகள் இவ்வாறே விளைந்தன. பறவையை மீட்டுக் கொணர்ந்த அதே அரசுத் துறை இன்று மக்களிடம் வற்புறுத்திக் கூறுவது ஒன்றே: தானியம் இடாதீர்கள். காரின் கதவைக் கொத்திய மயிலின் செய்தியைப் படித்தபொழுது நமக்கு இதுவே நினைவுக்கு வந்தது.

தானியம் இடுவதால் மயிலுக்கு நேரும் தீங்கு இன்னும் பலவகை. ஒரே இடத்தில் நாள்தோறும் பல பறவைகள் கூடினால், எச்சம் கலந்த தரையிலிருந்தே அவை உண்ண நேரும்; நோய் ஒன்றினின்று மற்றொன்றுக்கு எளிதில் தொற்றும். அவை குறித்த நேரத்தில் வருவதைத் தெருநாய்களும் அறிந்துகொள்ளும். தாய்ப்பறவை தன் குஞ்சுகளுக்கு முதற்கண் ஊட்டவேண்டுவது கறையான், வெட்டுக்கிளி, புழு ஆகிய புரத உணவு. அரிசிக்குப் பழகிய தாய், குஞ்சுகளையும் அழைத்துக்கொண்டு அரிசி கிடைக்கும் இடத்துக்கே வந்துவிடுகின்றது. யாவற்றினும் பெரிய தீங்கு, மனிதர் எல்லாரும் நல்லவரே என்று அப்பறவை நம்பிவிடுவதுதான். நம் மாமியார் அரிசி இடுகின்றார். அடுத்த தெருவில் ஒருவர் எலிக்கு வைத்த நஞ்சு கிடக்கின்றது. இரண்டையும் பிரித்தறிய மயிலால் இயலாது.

இது வீண் அச்சம் அன்று. நம் தாயகத்தில் கோவை, மதுரை முதலிய மாவட்டங்களின் உழவர்கள், மயில்கள் நெல்லையும் கடலையையும் தக்காளியையும் பாழாக்குவதாக முறையிட்டு வருகின்றனர். நஞ்சு கலந்த தானியத்தைத் தின்று மயில்கள் கூட்டமாக மடிந்த செய்திகளையும் நாளிதழ்களில் பலமுறை படித்திருக்கின்றோம். ஊர்ப்புறத்துப் பொட்டலும் குறுங்காடும் மனைகளாக மாற மாற, மயிலும் உழவரும் ஒரே வயலில் எதிரெதிரே நிற்க நேர்ந்துவிட்டது. உழவரின் இழப்பு உண்மையானது. மயிலின் பசியும் உண்மையானது. நகரத்திலிருந்து ‘முருகன் ஊர்தி’ என்று சொல்லிவிட்டு ஒதுங்குதல் நமக்கு எளிது, விதைத்தவருக்கு எளிதன்று.

இங்கே பேகனை நினைத்தல் தகும். பழனிமலைப் பகுதியை ஆண்ட ஆவியர் குடித் தலைவன். கடையெழு வள்ளல்களுள் ஒருவன். மயில் குளிரால் நடுங்குகின்றதென எண்ணித் தன் போர்வையை அதற்கு ஈந்தவன். நாம் எந்த நாட்டிற் குடியேறினாலும் நம் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் கதை இது. மயில் போர்த்திக்கொள்ளாது என்பதை அறிந்தே பேகன் கொடுத்தான் எனப் பரணர் புறநானூற்றில் பாடுகின்றார். பயன் கருதாத அருள் உள்ளத்தின் சிறப்பை அப்புலவர் காட்டுகின்றார். அந்நூலே பேகனைப்பற்றி மற்றொரு செய்தியும் கூறுகின்றது. அவன் தன் மனைவி கண்ணகியைப் பிரிந்து வேறிடத்தில் வாழ்ந்தான். அவள் துயரத்தைக் கண்ட கபிலர், பரணர் முதலிய புலவர்கள், தமக்குப் பரிசில் வேண்டாம், அவளிடம் மீண்டு செல்க என்று அவனை வேண்டிக்கொண்டனர். மயிலின் குளிரை உணர்ந்தவனுக்கு, வீட்டில் இருந்தவளின் துயரத்தைப் புலவர்கள் சென்று நினைவூட்ட வேண்டியிருந்தது. கொடுக்கும் இன்பம் நம் கண்ணை மறைக்க வல்லது. நாம் கொடுக்க விரும்புவது எது, பெறுபவருக்கு வேண்டுவது எது என்று ஒருகணம் நின்று எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

மயிலுக்கு வேண்டுவது நிலம். 1963ஆம் ஆண்டு மயில் நம் நாட்டின் தேசியப் பறவை ஆயிற்று. பறவை அறிஞர் சாலிம் அலி அச்சிறப்பை வேறொரு பறவைக்குத் தரவேண்டும் என்று விரும்பினார். தமிழில் கானமயில் என்றும், மராத்தியில் மால்டோக் என்றும் வழங்கும் பெரும்பறவை அது. மயிலை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் முதல் அட்டவணையில் வைத்துக் காத்தது. கானமயிலையும் அதே அட்டவணையில் வைத்துக் காத்தது. கானமயிலுக்காகவே சோலாப்பூரை அடுத்த நான்னஜ் புல்வெளியில் சரணாலயமும் அமைத்தனர். ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னர் விளைவைக் காண்போம். பறவை நோக்கர் 30,000 பேர் சேர்த்த குறிப்புகளைக் கொண்டு 2023ஆம் ஆண்டு வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, மயில் நாடெங்கும் பெருகி வருகின்றது, முன்பு காணப்படாத இடங்களிலும் பரவுகின்றது என்று கூறுகின்றது. கானமயிலோ ஏறக்குறைய 150 என்னும் அளவுக்குச் சுருங்கி, பெரும்பாலும் இராசத்தான் பாலையில் மட்டும் எஞ்சியிருக்கின்றது. மயில் வயலோரத்திலும் ஊரோரத்திலும் வாழப் பழகிக்கொண்டது. கானமயிலுக்கு வேண்டிய பரந்த புல்வெளி உழவுக்கும் கட்டடத்துக்கும் மின்கம்பிகளுக்கும் உரியதாயிற்று. சட்டம் இரண்டுக்கும் ஒன்றே. நிலம் கிடைத்தது வாழ்ந்தது, கிடைக்காதது தேய்ந்தது.

இனிச் சகோதரி கேட்ட தோட்டத்துக்கு வருவோம். அமெரிக்காவின் தேசியக் காட்டுயிர்க் கூட்டமைப்பு 1973ஆம் ஆண்டு முதல் வீட்டுத் தோட்டங்களைக் காட்டுயிர்த் தோட்டங்களாக அங்கீகரித்துச் சான்றளித்து வருகின்றது. அதற்கு அவர்கள் வகுத்த நெறி எளியது. உணவு, நீர், மறைவிடம், குஞ்சு வளர்க்கும் இடம் ஆகிய நான்கும் தோட்டத்தில் அமைந்திருத்தல் வேண்டும். மருந்து தெளித்தல் இயன்றவரை தவிர்க்கப்படுதல் வேண்டும். புனேயின் மண்ணுக்கும் மழைக்கும் ஏற்ப இந்நான்கையும் எவ்வாறு அமைப்பது என்பதைக் கூறுகின்றோம்.

முதலாவது உணவு. மரத்தடிச் சருகைக் கூட்டி எரிக்காமல் ஒரு மூலையில் மக்க விடுங்கள். அதில் கறையானும் வண்டும் மண்புழுவும் பெருகும். மயிலுக்கு அதனினும் சிறந்த பந்தி இல்லை. இலந்தை, களா, அத்தி, புளி, வேம்பு ஆகியவை நம் ஊரிலும் உண்டு, இந்நகரின் குன்றுகளிலும் உண்டு. மராத்தியர் இலந்தையைப் போர் என்றும், களாவைக் கரவந்த் என்றும், அத்தியை உம்பர் என்றும் வழங்குவர். நாற்றுப் பண்ணையில் இப்பெயர்களைச் சொல்லிக் கேட்டால் கன்று கிடைக்கும். பூச்சிமருந்தும் எலி நஞ்சும் தோட்டத்தில் இருத்தல் ஆகாது. நஞ்சு தின்ற எலியோ ஓணானோ மயிலின் அலகுக்கு இரையாகலாம் என்பதை மறவாதீர்கள்.

இரண்டாவது நீர். சித்திரை, வைகாசித் திங்களில் வெப்பம் 40 பாகையை எட்டும்பொழுது குன்றுகளில் நீர் அரிது. அகன்ற மண்தட்டு ஒன்றைத் தரையில் வைத்து, இரண்டு விரற்கிடை ஆழத்துக்கு நீர் ஊற்றுங்கள். புதருக்கு அருகில் வைத்தால் பூனை பதுங்கியிருந்து பாயும். ஆகவே பத்து அடி தள்ளி, நான்கு புறமும் பார்வை செல்லும் வெளியில் வைத்தல் நலம். நாள்தோறும் கொட்டித் தேய்த்துக் கழுவி, புதுநீர் நிரப்புதல் இன்றியமையாதது. இல்லையேல் அது கொசுவின் பிறப்பிடமாகும். பக்கத்தில் கொஞ்சம் உலர்ந்த மண்ணைப் பொடியாக விட்டுவைத்தால், மயில் அதில் புரண்டு புழுதி நீராடி, இறகில் ஒட்டிய பேன்களைப் போக்கிக்கொள்ளும்.

மூன்றாவது மறைவிடம். புற்றரையை முடிவெட்டியது போல் ஒழுங்கு செய்வது நம் சொசைட்டிகளின் வழக்கம். மதிலை ஒட்டி ஐந்து அடி அகலத்துக்கேனும் களாவும் ஆவாரையும் தாமே அடர்ந்து வளர இடம் கொடுங்கள். முள்ளுள்ள வேலி நாயைத் தடுக்கும், பறவைக்கு அரணாகும். இரவில் அடைவதற்கு உயர்ந்த மரம் வேண்டும். ஏற்கெனவே மயில் அடையும் வேம்போ புளியோ ஆலோ இருக்குமாயின், மழைக்காலத்துக்கு முன்னர்க் கிளைகளைக் கழிக்கும்பொழுது அம்மரத்தை மொட்டையாக்கிவிடாமல் காத்தல் கடமை. அம்மரத்தை நோக்கி எரியும் ஒளிவிளக்கை இரவில் அணைத்துவிடுதலும் நன்று.

நான்காவது குஞ்சு வளர்க்கும் இடம். இதனை நம் மதிலுக்குள் அமைத்தல் பெரும்பாலும் இயலாது. மராத்தியில் லாண்டோர் எனப்படும் பெண்மயில், ஆனி தொடங்கிப் புரட்டாசி வரையிலான மழைக்காலத்தில், குன்றின் புதரடியில் தரையைச் சிறிது பறித்து முட்டையிடும். முதல் நாட்களில் பறக்க இயலாத குஞ்சுகள் தாயின் பின்னே புல்லுக்குள் ஒளிந்து திரியும். அக்காலத்தில் குன்றில் நாயைக் கட்டின்றி ஓடவிடுதல், புல்லை அறுத்தல், குறுக்கு வழியாகப் புதருக்குள் நடத்தல் ஆகியவற்றைத் தவிர்ப்பதே நாம் செய்யக்கூடிய பேருதவி. கோடையில் புல் காய்ந்திருக்கும்பொழுது எறியப்படும் ஒரு பீடித்துண்டு, ஒரு சரிவு முழுவதையும் கருக்கிவிட வல்லது. வேதாள் குன்று, தள்ஜாய், பர்வதி ஆகிய குன்றுகள் இந்நகரத்தாருக்கு நடைபயிலும் இடம். அங்குள்ள உயிர்களுக்கோ வேறு வீடு இல்லை. குன்று நிலைத்தால் மதிற்சுவருக்கு மயில் தானே வரும்; குன்று போய்விட்டால் மூட்டை மூட்டையாக அரிசி கொட்டினாலும் வாராது.

சட்டத்தைப்பற்றியும் சில சொற்கள் கூறவேண்டும். முட்டையையோ குஞ்சையோ வீட்டுக்கு எடுத்துவந்து வளர்த்தல் குற்றம். மயிலைக் கொல்லுதல் மூன்று ஆண்டுக்குக் குறையாத சிறைத்தண்டனைக்கு உரிய குற்றம். மழைக்காலம் முடியும் தறுவாயில் இயல்பாக உதிரும் பீலியை எடுத்துப் பூசையறையில் வைத்துக்கொள்வதற்குத் தடை இல்லை. அடிபட்ட மயிலைக் கண்டால், நாய்களை விலக்கி, கூட்டம் கூடாமல் தடுத்து, மகாராட்டிர வனத்துறையின் உதவி எண்ணாகிய 1926க்குத் தெரிவியுங்கள். நீர் புகட்டவோ தூக்கவோ முயலாதீர்கள். அஞ்சிய மயிலின் கால் முள் ஆழமாகக் கிழித்துவிடும்.

சொசைட்டிப் பூசலுக்கு நாம் கூறும் வழி இது. இவ்விதழ் உங்கள் கையிற் சேரும்பொழுது மழை தொடங்கியிருக்கும். குன்றில் பூச்சியும் விதையும் பெருகும் காலம் அதுவே. அரிசியை நிறுத்துவதற்கு இதனினும் ஏற்ற பருவம் இல்லை. ஒரு வார காலத்தில் சிறிது சிறிதாகக் குறைத்து நிறுத்திவிடுங்கள். பட்டினி கிடக்குமோ என்னும் கவலை வேண்டாம். நம் அரிசிக்கு முன்னரும் அவை வாழ்ந்தே வந்தன. மழைக்காலம் மயில்கள் இணைதேடும் காலமும் ஆதலால், தன் உருவத்தோடு சண்டையிடும் சேவலின் சினம் இப்பொழுதுதான் மிகும். எனவே கார் வைத்திருப்போர் சில திங்கள் அதனை உறையிட்டு மூடிவைத்தல் தக்கது. அடுத்த கூட்டத்தில் சகோதரி எழுந்து, ‘அரிசி இடுவதை நாங்கள் நிறுத்துகின்றோம், மதிலோரத்தில் களா நடுவதற்கு ஐந்து அடி நிலம் தாருங்கள்’ என்று கேட்கட்டும். விட்டுக்கொடுத்தவர் கேட்கும் சொல்லுக்கு மறுப்புக் கூறுதல் எவர்க்கும் எளிதன்று.

எஞ்சியிருப்பது அம்மையாரைப்பற்றிய கவலை. அரிசியை நிறுத்துங்கள் என்று எழுதுவது எளிது. அவ்வரிசியோடு அம்மையாரின் நாளில் எது போய்விடும் என்பதையும் நாம் எண்ணிப் பார்த்தோம். மொழி அறியாத ஊரில், தம்மை எதிர்பார்த்து வருவதற்கு ஓர் உயிரேனும் இருக்கின்றது என்னும் ஆறுதலே அவர் தூவிய அரிசி. அதனை வெறுமனே பறித்துக்கொள்ளுதல் கூடாது. நீர்த்தட்டைக் கழுவி நிரப்பும் பணியை அவரிடமே விட்டுவிடுங்கள். அதனோடு ஒரு குறிப்பேடும் எழுதுகோலும் கொடுங்கள். இன்று எத்தனை மயில், ஆண் எத்தனை, பெண் எத்தனை, எந்த மரத்தில் அடைந்தன, எந்த நாளில் முதற் பீலி உதிர்ந்தது, குஞ்சோடு எப்பொழுது வந்தன என்று அவர் தமிழில் எழுதி வைக்கட்டும். மயிலின் குரலை அகவல் என்றும், ஆண்பால் பெண்பாலை வேறுவேறு சொற்களாலும் வழங்கிய மொழி நம் மொழி. கிராமத்தில் வளர்ந்த அவ்வம்மையார் அறிந்த பறவைப் பெயர்களுள் பாதியை நம் பிள்ளைகள் அறியார்.

மாலையில் பேரன் அதனைக் கேட்டுக் கணினியில் ஈபேர்ட் என்னும் பொதுத் தளத்தில் பதிந்துவிடலாம். மேலே நாம் குறிப்பிட்ட 30,000 பேரின் குறிப்புகளும் அவ்வாறு சேர்ந்தவையே. நாட்டின் பறவைக் கணக்கில் திருநெல்வேலியிலிருந்து வந்த ஒரு பாட்டியின் கணக்கும் இடம்பெறும். பேரனுக்கு நூறு தமிழ்ச் சொற்கள் மிகுதியாகத் தெரிந்திருக்கும். மாலைப்பொழுதில் வீட்டில் பேசுவதற்கும் பொருள் கிடைக்கும்.

குன்றுக்கு அருகில் வீடு அமையாத நேயர்கள் வருந்த வேண்டியதில்லை. கட்கியிலும் காம்ப் பகுதியிலும் மாடிவீட்டின் முன்றிலில் மயிலை எதிர்பார்த்தல் பொருந்தாது. அங்கே செம்பருத்தித் தொட்டி வைத்தால் தேன்சிட்டு வரும். ஒரு சிறு நீர்க்கிண்ணத்துக்குக் கொண்டைக்குருவி வரும். மயிலைக் காண விரும்புவோர் பிள்ளைகளோடு சிரூர் வட்டத்திலுள்ள மோராச்சி சிஞ்சோளிக்குச் சென்று வரலாம். நகரிலிருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டர். மோர் என்றால் மராத்தியில் மயில். சிஞ்ச் என்றால் புளி. புளியந்தோப்பும் மயிலும் சேர்ந்த ஊர் என்பது பெயரின் பொருள். அவ்வூர் உழவர்கள் விருந்தினரை ஏற்று வேளாண் சுற்றுலா நடத்துகின்றனர். மயில் உலவும் நிலத்தால் உழவருக்கும் வருவாய் உண்டாகலாம் என்பதற்கு அது சான்று. விடியற்காலையிலும் மாலையிலும் அமைதியாக இருப்பவர்க்கே அங்கு மயில் தென்படும். நண்பகலில் ஆரவாரத்தோடு செல்வோர் புளியமரத்தை மட்டுமே பார்த்துத் திரும்புவர்.

பாராமதி வட்டத்து மோர்காவும் அவ்வாறே மயிலால் பெயர்பெற்ற ஊர். ‘மோர் விற்கும் ஊரா?’ என்று புதிதாக வந்த பெரியவர்கள் கேட்பதுண்டு. அட்டவிநாயகத் தலங்களுள் முதலாவதாகிய அங்கே, மயிலேறி அசுரனை வென்ற மயூரேசுவரராக எழுந்தருளியிருப்பவர் விநாயகர். தம்பியின் ஊர்தியில் தமையன் அமர்ந்திருப்பதைக் கண்டு நம் குழந்தைகள் கேட்கும் கேள்விகளுக்கு விடைசொல்ல, போகும் வழியிலேயே பெற்றோர் ஆயத்தமாக இருத்தல் நலம்.

நேயர்கள் வீட்டருகில் கண்ட மயில்களின் கணக்கை ஆவணித் திங்கள் முடிவுக்குள் எழுதியனுப்புமாறு கேட்டுக்கொள்கின்றோம். வந்தவற்றைத் தொகுத்து ஐப்பசி இதழில் வெளியிடுவோம். நம் சகோதரியின் மாமியாரிடமிருந்து வரும் குறிப்பேட்டின் முதற் பக்கத்தை நாம் ஆவலோடு எதிர்நோக்கியிருக்கின்றோம் என்பதை அவ்வம்மையாருக்குத் தெரிவியுங்கள்.